கம்பெனி மூடி

மதுரை வெயிலில் பிளாஸ்டிக் கவர் போட்ட ஸ்கூட்டர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்களா? உட்கார்ந்ததில்லை என்றால் என் பெரியப்பாவை உங்களுக்குத் தெரியாது. அவரைத் தெரிந்த எல்லாரும் ஒரு தடவையாவது அதில் வெந்தவர்கள்தான்.

வண்டி ஷோரூமிலிருந்து வந்த அன்று சீட்டின் மேல் என்ன கவர் இருந்ததோ, வண்டிக்கு வயதாகி இருமத் தொடங்கிய பிறகும் அதே கவர்தான். ஓரமெல்லாம் பழுப்பேறி, நடுவில் கிழிந்து, கிழிந்த இடத்தில் டேப் ஒட்டி, டேப் கிழிந்ததும் அதன் மேல் இன்னொரு டேப் ஒட்டி, கடைசியில் கவரைவிட டேப்தான் அதிகம். திருப்பரங்குன்றத்திலிருந்து தல்லாகுளம் வரை அவர் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினால், பேன்ட்டோடு தோலும் கொஞ்சம் சீட்டிலேயே தங்கிவிடும். பெரியப்பா மட்டும் ஈரத்துண்டை நாலாக மடித்துத் தன் பக்கம் போட்டுக்கொள்வார். பின்னால் உட்காருகிறவனுக்குத் துண்டு கிடையாது.

"சின்னப் பையன்தான, தாங்குவ" என்பார். எனக்கு அப்போது தலையில் பாதி முடி போயிருந்தது.

"ஏன் பெரியப்பா, அந்தக் கவரைக் கிழிச்சுப் போட்டாத்தான் என்ன?"

"பிரிச்சா பழசுப்பா."

பிரிச்சா பழசு. இதுதான் அவர் வாழ்நாளில் சொந்தமாகக் கண்டுபிடித்த ஒரே தத்துவம். அதை வைத்துக்கொண்டு ஒரு வீட்டையே நடத்தினார் என்பதுதான் ஆச்சரியம்.

அந்த வீட்டு பிரிட்ஜின் கதவில் கம்பெனி ஒட்டிய மெல்லிய தாள் அப்படியே இருக்கும். அங்கங்கே காற்றுப் புகுந்து கொப்புளம் கொப்புளமாக, பிரிட்ஜுக்கு அம்மை போட்ட மாதிரி. சோபாவுக்கும் கவர். அதில் உட்கார்ந்து யாரும் ரகசியம் பேச முடியாது. லேசாக அசைந்தாலே நொறுக்குத் தீனிப் பொட்டலத்தை யாரோ கசக்குகிற மாதிரி சத்தம் வரும். பெண் பார்க்க, வீடு பார்க்க என்று வந்தவர்கள் எல்லாரும் அதில் ஆடாமல் அசையாமல் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். ரிமோட்டுக்கு ஒரு கவர், அந்தக் கவருக்கு மேல் ஒரு ரப்பர் பேண்டு.

எல்லாவற்றுக்கும் சிகரம் டி.வி.தான். அதன் கீழ் மூலையில் கம்பெனிக்காரன் ஒட்டிய ஸ்டிக்கர் ஒன்று, உள்ளங்கை அகலத்துக்கு. வாரண்டி, ஸ்டார், அது இது என்று போட்டிருக்கும். கிரிக்கெட்டில் ஸ்கோர் வருவது சரியாக அதே மூலையில். பெரியப்பாவோ கிரிக்கெட் பைத்தியம். பந்து எங்கே போகிறது என்று பார்ப்பார், அடித்தவன் கையைத் தூக்குவதைப் பார்ப்பார், எத்தனை ரன் என்று மட்டும் தெரியாது. பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்து, "ஏப்பா, ஸ்கோர் எம்புட்டு?" என்று குரல் கொடுப்பார். அங்கிருந்து பதில் வரும். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போன நாட்களில் இந்தியா ஜெயித்ததா தோற்றதா என்பதைத் தெருவில் வெடிக்கிற பட்டாசை வைத்துத்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்டிக்கரை உரித்தால் தீர்ந்தது. நான் ஒரு முறை நகத்தை வைத்துவிட்டேன். "டேய், கைய எடு" என்று அவர் போட்ட சத்தத்தில் பெரியம்மா சமையலறையில் கரண்டியைப் போட்டுவிட்டார்.

பெரியப்பா ஒரு நூல் மில்லில் ஸ்டோர் பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே சாமான் எடுக்கப் போனவர்கள் பாதிப் பேர் வெறுங்கையோடுதான் திரும்புவார்களாம். பேரிங் கேட்டால், "பழசக் கொஞ்சம் எண்ணெய் போட்டு ஓட்டிப் பாரேன். இது புதுசா இருக்கேப்பா" என்று அனுப்பிவிடுவாராம். அந்த மில் பிறகு மூடப்பட்டதற்குப் பருத்தி விலை காரணம் என்று சொல்வார்கள். எனக்கு என்னவோ இன்னும் சந்தேகம் உண்டு.

"கல்யாணம் ஆன புதுசுல மாலையக் கழட்ட விடல இந்த மனுசன்" என்பார் பெரியம்மா. "'இருக்கட்டும், என்ன அவசரம்'னாரு. பூ வாடி, எறும்பு ஏறி, எறும்பு என்னையக் கடிக்க ஆரம்பிச்சப்புறந்தான் கழட்டுனேன்."

"பூவுக்கு வாரண்டி கிடையாது. அது வேற கேசு" என்பார் பெரியப்பா, சிரிக்காமல்.

என் கல்யாணத்துக்கு மிக்ஸி வாங்கிக் கொடுத்தார். சில வருடம் கழித்து வீட்டுக்கு வந்தவர், மிக்ஸி அரைக்கிறதா என்று கேட்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "டப்பா இருக்கா?" என்றார். என் மனைவி வெகுளி. பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டதாக உண்மையைச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். கொடுத்த காபியை எழவு வீட்டில் குடிக்கிற மாதிரி தலையைக் குனிந்தபடியே குடித்துவிட்டுப் போனார். வாசல்வரை போய்த் திரும்பி, "தெர்மாகோலுமா?" என்று கேட்டார்.

அவர் வீட்டுப் பரணில் அட்டைப்பெட்டிகள் கூரை முட்ட இருந்தன. டி.வி. பெட்டி, கிரைண்டர் பெட்டி, எப்போதோ செத்துப்போன டேப்ரெக்கார்டரின் பெட்டி. ஒவ்வொன்றுக்குள்ளும் அதற்குரிய தெர்மாகோல், அதற்குரிய கவர், கம்பெனிக்காரன் வயரை முடிந்திருந்த அந்தத் துக்கடாக் கம்பி உட்பட. இதெல்லாம் எதற்கு என்று கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான்.

"திருப்பிக் கொடுக்கணும்னா?"

எனக்குத் தெரிந்து அவர் எந்தப் பொருளையும் திருப்பிக் கொடுத்ததே இல்லை. ஒரே ஒரு தடவை முயற்சி செய்தார். தமுக்கம் பொருட்காட்சியில் காய் நறுக்குகிற கருவி ஒன்று வாங்கினார். விற்றவன் அதில் வெண்டைக்காயைப் பூவாக நறுக்கிக் காட்டினான். வீட்டில் பெரியம்மா வைத்த வெண்டைக்காய் கூழாக வந்தது. கழுவித் துடைத்து, கவர் போட்டு, டப்பாவில் வைத்து, வாங்கியது போலவே எடுத்துக்கொண்டு என்னையும் அந்தச் சீட்டில் ஏற்றிக்கொண்டு போனார். போன இடத்தில் கடையே இல்லை. அப்பளக் கடை ஒன்று முளைத்திருந்தது. எனக்கு அப்பளம் வாங்கிக் கொடுத்தார். கருவி பரணுக்குப் போனது. "டப்பா இருக்கு, ஆளைத்தான் காணோம்" என்று திரும்பும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். ஆள் என்றைக்காவது வருவான் என்று அவர் நம்பினார் என்றே நினைக்கிறேன்.

இந்த வீட்டில்தான் என் தங்கச்சி வளர்ந்தாள். பெரியப்பாவுக்கு ஒரே மகள். ஒரு வீட்டைக் கட்டுவதற்கு முன்பே அது எப்படி இருக்கும் என்று, சுவரில் விழுகிற வெயில் வரைக்கும் கம்ப்யூட்டரில் படமாகக் காட்டுவார்களே, அந்தப் படிப்பு. நன்றாகவே படித்தாள். முடித்ததும் சென்னையிலிருந்து ஒரு இடத்தில் கூப்பிட்டார்கள். "இருக்கட்டும், என்ன அவசரம்" என்றார் பெரியப்பா. பிறகு பெங்களூர். "இருக்கட்டும்." அதன் பிறகு கூப்பிடுவது நின்றுவிட்டது. அவள் சர்டிபிகேட்டுகள் கனமான பிளாஸ்டிக் உறைக்குள், அந்துருண்டை வாசத்தோடு பீரோவில் இருந்தன. அவள் ஹாலில் அந்தச் சோபாவில் உட்கார்ந்து தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள்.

"சர்டிபிகேட்டையும் கவர் போட்டு வச்சாச்சு. பிள்ளையையும் வச்சாச்சு" என்று பெரியம்மா ஒருநாள் வெங்காயம் நறுக்கியபடி சொன்னார். வெங்காயத்தினாலா வேறு எதனாலா என்று தெரியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி அவளிடம் சொன்னது: முதலில் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள், ஒரு சோதனை வைக்கிறோம், நாங்கள் தருகிற பிளானை வீடாக்கிச் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் படங்களை அனுப்புங்கள், பிடித்தால் எடுத்துக்கொள்கிறோம். வீட்டிலிருந்தே என்றதால் பெரியப்பாவுக்கு மறுக்க வழியில்லை. தங்கச்சி வீட்டை வரைந்து முடித்துவிட்டாள். அதைப் படமாக்கி எடுப்பதுதான் பாக்கி. அவளுடைய பழைய லேப்டாப் அந்த வேலையைக் கேட்டதும் ஆவி வந்த மாதிரி அலறிவிட்டு அணைந்துபோனது. டியூஷனில் சேர்த்ததை எடுத்துப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தாள்.

"அண்ணே, இதுவும் போச்சுன்னா இனிமே யாரும் கூப்பிட மாட்டாகண்ணே" என்றாள்.

"நான் இருக்கேன்ல" என்றேன்.

நான் யார் என்று சொல்லவில்லையே. தல்லாகுளத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் மனு டைப் அடிக்கிறவன். பிரின்டரில் சிக்கிய பேப்பரைக் கிழியாமல் உருவத் தெரியும். எது ஓடாவிட்டாலும் அணைத்துவிட்டு மறுபடி போடத் தெரியும். இந்த இரண்டு கலைகளையும் கற்றதனால் எங்கள் குடும்பத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் இன்ஜினியர் என்று பெயர். பாகங்களைக் கடைக்காரனே மாட்டிக் கொடுப்பான், பேசாமல் விடுங்கள் என்று என் மனைவி சொன்னாள். இன்ஜினியருக்கு ரோஷம் வந்துவிட்டது. பாகங்களாக வாங்கி நானே மாட்டுவதாக அறிவித்துவிட்டு, எப்படி மாட்டுவது என்று வீடியோ பார்த்தேன். அதில் பேசியவர் இந்தியில் பேசினார். எனக்கு இந்தி தெரியாது. ஆனால் அவர் கை அவ்வளவு தெளிவாகப் பேசியது.

சனிக்கிழமை காலையில் பெரியப்பா வீட்டு ஹாலில் போர்வை விரித்து, டப்பாக்களை வரிசையாக வைத்தோம். பிரிக்கிற வேலையைப் பெரியப்பா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆபரேஷன் பண்ணுகிற டாக்டர் மாதிரி பிளேடை இரண்டு விரலில் பிடித்து, டேப் வலிக்காமல் கீறினார். வெளியே வந்த ஒவ்வொரு கவரையும் நீவி மடித்து வைத்தார். முதல் டப்பா திறப்பதற்குள் இட்லி ஆறிவிட்டது. கட்டக்கடைசியாக ஒரு சின்ன டப்பாவைக் கையில் எடுத்து, உள்ளங்கையில் வைத்துத் தயங்கினார்.

"இதையும் பிரிக்கணுமா?"

"பெரியப்பா, அது பிராசஸர். அதுதான் கம்ப்யூட்டருக்கு மூளை."

"மூளைய மட்டும் அப்படியே வச்சுக்கிட்டா?"

"அதைத்தான இம்புட்டு வருசமாச் செஞ்சுக்கிட்டு இருக்கீக" என்றது சமையலறை.

மாட்டினேன். மதர்போர்டு, பிராசஸர், ராம், தடியான ஒரு கிராபிக்ஸ் கார்டு என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்தது. மேசையைச் சுவரோடு போட்டிருந்தார்கள். பின்னால் போய் வயர் மாட்ட ஒடுக்கமான சந்துதான் இருந்தது. என் தொப்பைக்கு அந்தச் சந்து போதாது. பெரியப்பா ஒல்லி. "பின்பக்கம் நான் பாத்துக்கிறேன். நீ முன்பக்கத்தைப் பாரு" என்று உள்ளே நுழைந்துகொண்டார். மானிட்டர் வயரை அவர் கையில் கொடுத்தேன். பெரியம்மா சூடம் காட்டினார். பட்டனைத் தட்டினேன்.

விசிறிகள் சுற்றின. உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று விளக்குகள் ஓடின. "தெப்பத் திருவிழா மாதிரி இருக்கு" என்றார் பெரியப்பா, சந்திலிருந்து எட்டிப் பார்த்து. மானிட்டரில் 'நோ சிக்னல்' என்று ஒரு சின்னக் கட்டம் இப்படியும் அப்படியும் அலைந்தது. பிறகு அதுவும் போய் ஒரே இருட்டு.

"வயர் டைட்டா இருக்கா பெரியப்பா?"

"டைட்டா இருக்கு."

ராமைக் கழற்றி மாட்டினேன். இருட்டு. வேறு இடத்தில் மாட்டினேன். இருட்டு. தங்கச்சியிடம் அழிரப்பர் வாங்கி ராமின் பல்லையெல்லாம் தேய்த்தேன். ஊரில் எல்லா மெக்கானிக்கும் அப்படித்தான் செய்வார்கள். ராம் பளபளவென்று ஆனது. இருட்டும் அதே பளபளப்போடு இருந்தது. மதர்போர்டில் இருந்த காசு அளவு பேட்டரியைக் கழற்றி, கொஞ்ச நேரம் சும்மா வைத்திருந்து மறுபடி போட்டேன். வாயால் ஊதினேன். எச்சில் தெறித்தது, அதைத் துடைத்தேன்.

"வயர்?"

"அட, கையில பிடிச்சுக்கிட்டுத்தான்ப்பா நிக்கிறேன். ஆடல, அசையல."

மானிட்டர் கோளாறோ என்று அதைக் கேபிள் டி.வி. பெட்டியோடு இணைத்துப் பார்த்தேன். பளிச்சென்று மாமியார் மருமகள் சண்டை ஒன்று வந்தது. மூலையில் ஸ்டிக்கர் இல்லாமல் முழுப் படமும் தெரிந்ததில் பெரியம்மா ஈரக் கையோடு வந்து உட்கார்ந்துவிட்டார். "படம் நல்லாத்தான வருது. இதுலயே விட்டுரேன்." விளம்பரம் வருகிறவரை வயரைத் தரமாட்டேன் என்றார். மானிட்டரும் வயரும் நல்லவை என்று நிரூபணமானது. விளம்பரம் வந்ததும் வயரை மறுபடி பெரியப்பாவிடம் கொடுத்தேன். அவர் மறுபடி சொருகினார். மறுபடி இருட்டு.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். "ராமக் கழட்டி மாட்டுனீங்களாண்ணே?" என்றார். மாட்டினேன் என்றேன். "அப்ப சிஸ்டத்தக் கொண்டாந்து குடுங்க. திங்கக்கிழமை பாத்துத் தாரேன்."

திங்கட்கிழமை. எனக்குப் பின்னால் நின்ற தங்கச்சி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மத்தியானச் சாப்பாடு ஆகி, வெயில் ஹாலுக்குள் வந்து பாதி தூரம் ஏறியிருந்தது. அவள் போன் அடித்தது. வாசலுக்குப் போய்ப் பேசினாள். "சரிங்க சார்... இல்ல சார், சாயங்காலம் அனுப்பிருவேன் சார்... கண்டிப்பா சார்." திரும்பி வந்து போர்வை ஓரத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டிய இன்ஜினியர் ஸ்க்ரூடிரைவரைத் தேடுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டான்.

நிஜமாகவே ஸ்க்ரூடிரைவரைக் காணோம். பார்த்தால், சந்திலிருந்து வந்த பெரியப்பா ஒரு பக்கம் எல்லாவற்றையும் அடுக்க ஆரம்பித்திருந்தார். இரண்டு ராமில் நான் கழற்றி வைத்திருந்த ஒன்று அதன் டப்பாவுக்குள் போயிருந்தது. மதர்போர்டு டப்பா வாயைத் திறந்து தயாராக இருந்தது. ஸ்க்ரூடிரைவர் அதற்குள் கிடந்தது.

"என்ன பெரியப்பா பண்றீங்க?"

"திருப்பிக் கொடுத்துரலாம்ப்பா. ஒரு டப்பா குறையல. ஒரு கவர் கிழியல. எவன் என்ன சொல்லுவான்?"

அவர் முகத்தைப் பார்த்தேன். கல்யாண வீட்டுக்காரர் முகம் மாதிரி இருந்தது. வாழ்நாள் முழுக்கத் தயாராக இருந்த நாள் வந்தே விட்டது. மகள் அங்கே அழாமல் உட்கார்ந்திருக்கிறாள், மனுசன் இங்கே தெர்மாகோலைத் தட்டித் தட்டிப் பொருத்துகிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சோபா கவரை அங்கேயே கிழித்திருப்பேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், வேலை நடக்காததற்கு நான் ஒருவன் காரணம். அவர் பாவம், வயரைப் பிடித்துக்கொண்டு நின்றவர்தான்.

ஆகவே இன்ஜினியர் தீர்ப்பு எழுதினான். "கிராபிக்ஸ் கார்டு செத்துப் போச்சு. கம்பெனிக் கோளாறு. திருப்பித்தான் கொடுக்கணும்."

காலையிலேயே ஏற்றி வைத்துவிட்ட பெரிய டப்பாவை எடுக்கப் பெரியப்பா பரணில் ஏறினார், இளவட்டம் மாதிரி. தங்கச்சி எழுந்து, வயர்களைக் கழற்றுவதற்காக மேசைக்குப் பின்னால் நுழைந்தாள்.

"அண்ணே."

"என்னம்மா?"

"கார்டுல வயரே இல்லையேண்ணே."

"என்னது?"

"வயரு மேல, மதர்போர்டு ஓட்டையில சொருகியிருக்கு. கீழ கார்டுல இருக்கிற ஓட்டைக்கெல்லாம் கறுப்பு மூடி போட்டு அடச்சிருக்கு."

நாங்கள் வாங்கிய பிராசஸரில் படம் காட்டுகிற வசதி கிடையாது. படம் வரவேண்டுமென்றால் கிராபிக்ஸ் கார்டில்தான் வயரை மாட்ட வேண்டும். மதர்போர்டில் இருக்கிற ஓட்டையில் மாட்டினால் யுகம் முடிகிறவரை இருட்டுதான். இது எனக்கு நன்றாகத் தெரியும். இந்திக்காரரின் கை இதை மூன்று தரம் சொல்லியிருந்தது. காலையிலிருந்து நான் கேட்டதெல்லாம் வயர் டைட்டாக இருக்கிறதா என்றுதான். எங்கே இருக்கிறது என்று கேட்கவே இல்லை. அந்தக் கறுப்பு மூடிகளையும் மாட்டும்போதே பார்த்திருந்தேன், அலங்காரம் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியப்பா பரணிலிருந்து டப்பாவோடு இறங்கி வந்தார்.

"நீங்க ஏன் பெரியப்பா மேல சொருகுனீங்க?"

"கீழ இருந்ததுக்கெல்லாம் மூடி போட்டிருக்கேப்பா. கம்பெனி மூடி. மேல ஒண்ணு மூடி இல்லாம சும்மா கிடந்துச்சு. வயரும் பொருந்துச்சு. டைட்டா இருக்கான்னு கேட்ட. டைட்டாத்தான இருந்துச்சு?"

கோர்ட்டுக்குப் போனாலும் அவர் பக்கம்தான் தீர்ப்பாகும்.

தங்கச்சி சந்துக்குள்ளிருந்தே மூடியின் மேல் நகத்தை வைத்தாள்.

"இரு இரு இரு!" பெரியப்பா டப்பாவைக் கீழே போட்டார். "அதைக் கழட்டாதம்மா. அதைக் கழட்டிட்டா அப்புறம் திருப்பி எடுக்க மாட்டான்."

"திருப்பிக் கொடுக்கலப்பா."

"ஒருவேள ஓடலன்னா?"

"ஓடலன்னாலும் கொடுக்கல."

அவள் அந்த வீட்டில் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அப்போதும் உயர்த்தவில்லை. பெரியம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து சமையலறை நிலைப்படியில் நின்றார். தங்கச்சி மூடியைப் பிடித்து இழுத்தாள். சோடா மூடி திறக்கிற அளவுகூட இல்லை, 'டப்' என்று ஒரு துளிச் சத்தம் வந்தது. பெரியப்பா கையை நீட்டினார்.

"அதையாச்சும் இங்க குடு."

அவர் உள்ளங்கையில் வைத்தாள். அதைச் சட்டைப் பையில் போட்டுப் பையின் மேல் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். வயரை அவள் கீழே மாட்டினாள். நான் பட்டனைத் தட்டினேன். கம்பெனிப் பெயர் பளிச்சென்று வந்து நின்றது.

"வந்துருச்சு, வந்துருச்சு" என்று கைதட்டியது பெரியம்மா மட்டும்தான். எனக்குக் கைதட்ட வெட்கமாக இருந்தது. தங்கச்சி அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டாள். பொழுது சாய்வதற்குள் படங்கள் போய்ச் சேர்ந்தன. படத்தில் இருந்த வீட்டு ஹாலில் ஒரு சோபா இருந்தது. கவர் இல்லை.

வேலை கிடைத்தது. ஒரு வருடம்போல வீட்டிலிருந்தே பார்த்தாள். பிறகு கம்பெனி, இனி நேரில் வந்தால்தான் ஆகும் என்றது.

"இருக்கட்டும், என்ன அவசரம்" என்றார் பெரியப்பா.

"டிக்கெட் போட்டுட்டேன்ப்பா" என்றாள் தங்கச்சி.

கிளம்புகிற அன்று கம்ப்யூட்டரைக் கட்டிக் கொடுக்க நானும் போயிருந்தேன். பழைய போர்வை, சணல் கயிறு எல்லாம் கொண்டுபோயிருந்தேன். பெரியப்பா என் போர்வையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பரணில் ஏறினார். ஒவ்வொரு டப்பாவாக இறங்கியது. கேபினட் டப்பா, மானிட்டர் டப்பா, உள்ளே அதனதன் தெர்மாகோல், அதனதன் கவர். சாமானை வைத்தால் கடையிலிருந்து இப்போதுதான் வந்த மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது. இத்தனை வருடம் அந்தப் பரணைக் கேலி பேசியே காலம் ஓட்டியவன் வாயை மூடிக்கொண்டு டேப் ஒட்டினேன். கேபினட் டப்பாவை மூடுவதற்கு முன் அவர் பீரோவிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து வந்தார். உள்ளே அந்த மூடி. கீழே குனிந்து, கார்டின் ஓட்டையில் அதைப் பொருத்தினார். டைட்டாக இருக்கிறதா என்று ஒரு தடவை அழுத்திப் பார்த்தார்.

பஸ்ஸின் அடிப்பெட்டியில் ஏற்றிவிட்டு மகளிடம், "வாரப்ப இதே டப்பாவுல போட்டுக் கொண்டா. கிழிச்சிராத" என்றார். சாப்பிடு, போன் பண்ணு, பத்திரம் என்றெல்லாம் சொல்கிற வேலையைப் பெரியம்மா பார்த்துக்கொண்டார்.

தீபாவளிக்கு வந்திருந்தாள். நானும் போயிருந்தேன். ஹாலில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு அவள் வேட்டி சட்டை எடுத்து வந்திருந்தாள். கவரைப் பிரித்துவிட்டு, மடிப்பை உதறித்தான் கொடுத்தாள். அவர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, டி.வி.யைப் பார்த்தபடியே கேட்டார்.

"டப்பாவெல்லாம் பத்திரமா இருக்கா?"

"இல்லப்பா. ரூம்ல வைக்க எடம் இல்ல. பழைய பேப்பர்காரர்ட்டப் போட்டுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்ப்பா."

அவள் எழுந்து அம்மாவுக்கு உதவச் சமையலறைக்குப் போனாள். தெர்மாகோலைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. சோபா சத்தமே போடவில்லை. அவ்வளவு ஆடாமல் உட்கார்ந்திருந்தார். டி.வி.யில் யாரோ ஓங்கி அடித்தார்கள். பந்து கூட்டத்துக்குள் போய் விழுந்தது. பெரியப்பா வழக்கம்போல ஜன்னல் பக்கம் திரும்பினார். பக்கத்து வீடு பூட்டியிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஸ்கோர் எம்புட்டுப்பா?"

என்னிடம் புதுப் போன் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். கம்பெனி ஒட்டிய தாளை நான் இன்னும் உரிக்கவில்லை. வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து, கண்ணை இடுக்கிப் படித்துச் சொன்னேன்.